மாட்டுக் கழுத்தில் ஒரு காப்பியம்

உங்கள் வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்த மறுநாளே ஒருவர் கேட்டுவிட்டார்: "மேடம், அந்தக் காப்பியத்தை நீங்கள் கண்டுபிடித்த கதையை எங்களுக்காக எழுதுங்களேன்." கூடவே கைகூப்பும் படம் மூன்று. எழுதுகிறேன். ஆனால் அலுவலக வரவேற்பறையில் என் படத்தை மாட்டி, கீழே 'கண்டுபிடித்தவர்' என்று போட்டிருக்கிறார்களே, அது பாதி உண்மைதான். அதற்கு இருபத்தெட்டு வருடங்களுக்கு முன்னால் அதைத் தொலைத்ததும் நான்தான். படச் சட்டத்துக்குள் அவ்வளவையும் எழுத இடம் போதவில்லை போலிருக்கிறது.

நம் வேலை உங்களுக்குத் தெரியும். ஊர் ஊராகப் போவோம், யார் வீட்டில் ஓலைச்சுவடி இருக்கிறது என்று விசாரிப்போம், பட்டியல் எடுப்போம். அப்போது நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. இரண்டு வருடம் என்பது மோசமான காலம். எல்லாம் தெரிந்துவிட்டது போலவே இருக்கும். உங்களில் பாதிப் பேர் இப்போது அங்கேதான் நிற்கிறீர்கள், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சாணார்பட்டிக்கு அப்பால் ஒரு தோட்ட வீட்டுக்குப் போயிருந்தோம். வீட்டுக்காரர் சவரிமுத்து, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர், விவசாயி. சுற்றுவட்டாரத்தில் மாடு தீவனம் எடுக்கவில்லை என்றால் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் குடும்பத்தில் தலைமுறையாக ஒரு மாட்டு வைத்தியச் சுவடி இருந்தது. அன்று அது எனக்கு ஆறாவது வீடு. மணி ஒன்று. அடுப்படியில் கோழிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. "சாப்புடாமப் போகக் கூடாது, செத்த நேரத்துல ஆயிரும்" என்று அவர் மனைவி மரியம்மா சொல்லிவிட்டார். வெளியே ஜீப்பில் இருந்த என் அதிகாரி நிமிடத்துக்கு ஒருமுறை ஹாரன் அடித்தார்.

சுவடியின் முதல் ஏட்டைப் படித்தேன். வைத்தியம் முடிகிற ஏட்டைப் படித்தேன். நடுவில் இருப்பதை எண்ணினேன். அந்தக் காலத்தில் பட்டியலுக்கு அவ்வளவு போதும். வைத்தியம் முடிந்த பிறகு, அடியில் பதினொரு ஏடுகள் வெளுப்பாகக் கிடந்தன. அப்போது சவரிமுத்து என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"ஏம்மா, இந்த அடியில கெடக்குறதுல எழுத்து இருக்கா, இல்லையா? எழுத்துள்ள ஏட்ட வெட்டக் கூடாதுன்னு எங்கய்யா சொல்லிட்டுப் போயிட்டாரு. ஆனா இதுல இருக்கா இல்லையான்னு அவருக்கும் தெரியல, எனக்கும் தெரியல. படிச்சவுக நீங்கதான் சொல்லணும்."

"இல்லைங்க. அது வெறும் ஏடு" என்றேன். பதிவேட்டில் 'எழுதா ஏடு: பதினொன்று' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். பிறகு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். குழம்பு பிரமாதமாக இருந்தது என்பதையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன்.

இப்போது உங்கள் முகம் எப்படிப் போகிறது என்று எனக்குத் தெரிகிறது. முதல் வாரப் பயிற்சியிலேயே உங்களுக்கு இதைச் சொல்லியிருப்பார்கள். எனக்கும் சொன்னார்கள். ஓலையில் எழுத்தாணி கீறத்தான் செய்யும். கீறிய பிறகு விளக்குக் கரியை இலைச்சாற்றில் குழைத்துத் தடவித் துடைத்தால்தான் எழுத்து கருப்பாகத் தெரியும். மை தடவாமல் விட்ட ஏடு மேலோட்டமாகப் பார்த்தால் வெறும் ஏடு போலவே இருக்கும். நகத்தை மெல்ல ஓட்டிப் பார்த்திருந்தால் தட்டியிருக்கும். பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்திருந்தாலும் தெரிந்திருக்கும். இரண்டுக்கும் சேர்த்து ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

அந்த ஒரு நிமிடத்தை நான் செலவழிக்கவில்லை. சவரிமுத்து ஏன் அப்படிக் கேட்டார் என்றும் நான் கேட்கவில்லை. அவர் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பால் மறுக்கிற மாட்டுக்கும், கன்று போடச் சிரமப்படும் மாட்டுக்கும், பழைய ஓலையில் ஒரு துண்டு வெட்டி, அதில் ஒரு சிலுவை கீறி, சுருட்டிக் கழுத்தில் கட்டிவிடுவார். சிலுவை அவருடையது. கட்டுகிற மஞ்சள் கயிறு மாட்டுக்காரருடையது. மாட்டுக்கு இரண்டிலும் எந்த ஆட்சேபமும் இருந்ததாகத் தெரியவில்லை.

அப்பா கையிருப்பாக வைத்திருந்த பழைய ஓலை தீர்ந்துபோய், எதை வெட்டுவது என்று தெரியாமல் அவர் காத்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் போயிருக்கிறேன். அரசாங்க ஜீப்பில் வந்த படித்த பொண்ணு வெறும் ஏடு என்று சொன்ன பிறகு அவர் எதற்குத் தயங்க வேண்டும்?

இருபத்தெட்டு வருடம் கழித்து, ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தபோது, பழைய பட்டியலில் உள்ள சுவடிகளை எல்லாம் படம் எடுக்கும் வேலை வந்தது. அதே வீட்டுக்குப் போனேன். கூட வந்தவர் எங்கள் புகைப்படக்காரர் ஹமீது. திண்டுக்கல் டவுன்காரர், தோல் வியாபாரக் குடும்பம். கேமராவைவிடத் தோலைப் பற்றித்தான் அதிகம் பேசுவார். காலை ஏழரை மணிக்கெல்லாம் போய்விட்டோம். சவரிமுத்து தொழுவத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பக்கத்துத் தோட்டத்துப் பாப்பாத்தி, மாடு பால் மறுக்கிறது என்று ஓலை வாங்க வந்து நின்றார். சவரிமுத்துவின் ஒரு கையில் கத்தரிக்கோல், இன்னொரு கையில் ஓர் ஏடு.

காலை வெயில் கிழக்கிலிருந்து சாய்ந்து வந்து அந்த ஏட்டின் மேல் விழுந்தது. ஏடு முழுக்க வரி வரியாகக் கீறல். நான் போட்ட கத்தலில் பாப்பாத்தி இரண்டடி பின்னால் போய்விட்டார்.

"வெட்டாதீங்க! அதுல எழுத்து இருக்கு!"

சவரிமுத்து கத்தரிக்கோலைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை, பிறகு தெரிந்தது. "ஏம்மா, இது வெறும் ஏடுன்னு நீங்கதான சொல்லிட்டுப் போனீங்க?" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை, நிஜமாகவே சந்தேகம் கேட்கிற குரல். அதனால்தான் அவ்வளவு உறைத்தது.

கைபேசி விளக்கைப் பக்கவாட்டில் பிடித்து இரண்டு வரி படித்தேன். மூன்றாவது வரியைத் திரும்பவும் ஒரு தடவை படித்தேன். பழைய உரை ஒன்றில் மேற்கோளாக மட்டும் மிஞ்சிய பாட்டு அது. ஊர்ச் சேறு காயாத காலோடு ஒரு பெண் அரசன் சபைக்குள் நுழைகிற பாட்டு. அது எந்தக் காப்பியத்தில் வருகிறது என்று உரைகாரர் சொல்லியிருக்கிறார். அந்தக் காப்பியம் அழிந்துவிட்டது, இனிக் கிடைக்காது என்று நாம் எல்லோரும் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறோம். பெயரை இங்கே எழுதவில்லை. அது கிடைத்த பிறகு ஆள் எடுத்ததில்தான் உங்களுக்கு வேலையே கிடைத்தது, பெயர் தெரியாமலா இருப்பீர்கள்.

எனக்கு முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம். "மிச்சம் எத்தனை ஏடு இருக்கு?" என்று கேட்டேன்.

"இதோட ஏழு."

நான்கு போய்விட்டன. நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி, நான்கு ஏடுகள் துண்டு துண்டாக மாட்டுக் கழுத்துகளில் தொங்கியிருக்கின்றன.

பாப்பாத்திக்கு இதெல்லாம் பொருட்டே இல்லை. "எழுத்து இருந்தா இருக்கட்டும், எம் மாட்டுக்கு என்ன வழி?" என்றார். நியாயமான கேள்வி. என் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நீட்டினேன். சவரிமுத்து அதை வாங்கவே இல்லை. "காயிதம் ஒரு மழைக்குத் தாங்குமா?" என்றார்.

"பனை மரம் இம்புட்டு நிக்குதே, புது ஓலை வெட்டிக் கட்டலாமே?" என்றார் ஹமீது.

"பழச கட்டுனாத்தான் மாடு மதிக்கும் தம்பி."

கடைசியில் மரியம்மாதான் தீர்த்துவைத்தார். வீட்டில் இருந்த பழைய ஓலை விசிறியின் ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தார். மறுநாள் பாப்பாத்தியின் மாடு பால் கொடுத்துவிட்டதாகக் கேள்வி. அந்த விசிறியை நாம் பட்டியலில் சேர்க்கவில்லை.

பிறகு சவரிமுத்துவை உட்காரவைத்து, எந்தத் துண்டு எந்த மாட்டுக்குப் போனது என்று கேட்டேன். மனிதர்களின் பெயர் அவருக்கு அவ்வளவாக ஞாபகம் இல்லை, மாடுகள் எல்லாம் ஞாபகம் இருந்தது. ஒற்றைக் கொம்பு செவலை செத்துப்போனது. கழுத்துக் கயிறு அறுந்து ஓலையைத் தானே தின்றுவிட்டது மயிலைப் பசு. இன்னொன்று கிணற்று மேட்டில் எங்கோ உதிர்த்துவிட்டது. அடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து வெட்டியதால், கடைசியாக வெட்டியது எட்டாவது ஏடு. அதிலிருந்து ஒரு துண்டு ஒரு கறுப்புப் பசுவின் கழுத்துக்குப் போன வருஷம்தான் போயிருந்தது. அந்தப் பசுவைத் தொப்பம்பட்டிப் பக்கம் விற்றுவிட்டார்கள்.

ஏழு ஏடுகளையும் அலுவலகத்தில் வைத்து மை தடவிப் படித்தபோது, அந்த எட்டாவது ஏடு எவ்வளவு முக்கியம் என்று தெரிந்தது. அரசன் தன் யானைகளுக்குக் காடு வளர்க்க ஓர் ஊரையே காலி செய்யச் சொல்கிறான். அந்த ஊர் வணிகனின் மகள் தனியாகச் சபைக்கு வந்து நிற்கிறாள். அரசன் 'சொல்' என்கிறான். அதோடு ஏழாவது ஏடு முடிகிறது. அவள் சொன்னது எட்டாவதில் இருந்திருக்க வேண்டும்.

நானும் ஹமீதும் தொப்பம்பட்டிப் பக்கம் ஓடினோம். பசுவை வாங்கியது ஒட்டன்சத்திரம் சந்தைக்குக் காய் அனுப்புகிற குடும்பம். பசு தங்கமணி என்கிற அம்மாவின் பொறுப்பில் இருந்தது. நிறை சினை. கழுத்தில் தோல் பை ஒன்று தொங்கியது. கயிறு நைந்துபோகவே, ஓலைத் துண்டைத் தோலில் வைத்துத் தைத்துவிட்டிருந்தார்.

எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன். தங்கமணி பொறுமையாகக் கேட்டார். நடுவில் இரண்டு முறை தண்ணீர் கொடுத்தார். கேட்டு முடித்துவிட்டு, "ஏனுங்க, இதுக்கு முன்னால ரெண்டு கன்னு வயித்துலயே செத்துப்போச்சுன்னு சொல்லித்தானுங்க வித்தாங்க. இந்த ஓலையக் கட்டுன பொறகுதானுங்க இது நிலைச்சிருக்குது. கன்னு போடட்டும், நானே அவுத்துக் குடுக்கறனுங்க" என்றார்.

"எப்பம்மா கன்னு போடும்?"

"நாலு நாள் ஆகுமோ, பத்து நாள் ஆகுமோ. மாட்டுகிட்டத்தானுங்க கேக்கோணும்."

அந்த நேரம் பார்த்து மேலதிகாரியிடமிருந்து போன். மறுநாளைக்குப் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுவிட்டாராம். துண்டு கையில் இல்லாமல் வரக் கூடாது, தேவைப்பட்டால் தாசில்தாரைக் கூட்டிக்கொண்டு போய் எடுத்து வரச் சொன்னார். ஒரு பசுவின் கழுத்திலிருந்து ஒரு துண்டு ஓலையை எடுக்கத் தாசில்தார் வருவாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். ஆனால் சொன்னவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தங்கமணி தக்காளிப் பெட்டி ஏற்றுகிற வண்டிக்கு ஆள் விட வேண்டும் என்று தோட்டத்துப் பக்கம் போனார். ஹமீது பசுவின் அருகில் போய் அந்தப் பையைத் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

"மேடம், சாதாத் தையல்தான். பத்து நிமிஷத்துல பிரிச்சு, உள்ள வேற ஓலையப் போட்டு, அதே ஓட்டையில திரும்பத் தைச்சிருவேன். எங்க வாப்பாவே வந்து பாத்தாலும் கண்டுபிடிக்க முடியாது. அந்தம்மாவுக்கும் தெரியாது, மாட்டுக்கும் தெரியாது. கன்னு நல்லாப் பொறந்தா எல்லாருக்கும் சந்தோஷம்."

கேலியாகச் சொல்லவில்லை, எனக்கு உதவி செய்யத்தான் சொன்னார். ஊசிகூட வண்டியில் இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. நன்றாகவே வந்தது. அழிந்துபோனதாகச் சொல்லப்பட்ட ஒரு காப்பியத்தின் முக்கியமான இடம் எட்டு அடி தூரத்தில் அசை போட்டுக்கொண்டிருந்தது. பசு எங்காவது ஒரு கல்லில் கழுத்தைத் தேய்த்தால் தீர்ந்தது. மழை பெய்தால் தீர்ந்தது. நான் தொலைத்ததை நானே மீட்கப் பத்து நிமிடம் போதும். எந்தப் பிழைக்கும் இவ்வளவு சுலபமான பரிகாரம் கிடைத்துவிடாது.

இப்படி ஒரு நேரம் உங்களுக்கும் வரும், அதனால்தான் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். அப்போது கையேடு உதவாது. எனக்கு உதவியது ஒரு சங்கடம்தான். அந்த நான்கு ஏடுகளும் அழிந்தது எதனால்? ஓர் ஏட்டைப் பற்றி நான் சொன்னதை ஒருவர் நம்பியதால். இப்போது ஓலையை மாற்றிவைத்தால், அதே மாதிரி ஓர் ஏட்டைப் பற்றி இன்னொருவரும் தப்பாக நம்பப் போகிறார். முதல் தடவை தெரியாமல் செய்தேன். இந்தத் தடவை தெரிந்தே செய்கிறேன் என்று ஆகும்.

"வேண்டாம் ஹமீது, காத்திருப்போம்" என்றேன்.

"அல்லாவே, மாட்டுக்கெல்லாம் காத்துக் கெடக்க வச்சிட்டீங்களே மேடம்" என்று சொல்லிவிட்டு, அவரே போய் அந்தப் பையின் மேல் தேங்காய் எண்ணெய் தடவி, மழை பட்டாலும் ஊறாதபடி செய்துவிட்டு வந்தார். தங்கமணியிடம் கேட்டுத்தான் செய்தார்.

பத்திரிகைக்காரர்கள் முன்னால் மேலதிகாரி ஏழு ஏடுகளை மட்டும் காட்டினார். என்னைப் பக்கத்தில் உட்கார வைக்கவில்லை. அதற்கு அடுத்த ஒன்பது நாளும் நான் அலுவலகத்தில் செய்த வேலை, கைபேசியைப் பார்த்துக்கொண்டே இருப்பது. ஒவ்வொரு நாள் காலையிலும் தங்கமணிக்குப் போன் பண்ணி மாட்டை நலம் விசாரித்தேன். என் சொந்த மருமகள் பிரசவத்துக்குக்கூட நான் இப்படி விசாரித்ததில்லை. அவள் அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

பத்தாவது நாள் தங்கமணியே கூப்பிட்டார். "பொட்டக் கன்னுங்க, கெடாரி! ரெண்டும் நல்லாருக்குது. வந்து வாங்கிக்குங்க." போனபோது பையை அவிழ்த்து, கழுவித் துடைத்து, ஒரு வெற்றிலையில் வைத்துக் கொடுத்தார். ஹமீது தையலை ஒரு நூல் அறாமல் பிரித்தார்.

அலுவலகத்தில் பதப்படுத்திப் பிரித்தோம். சவரிமுத்து ஏட்டைக் குறுக்கே மூன்றாக வெட்டியிருந்தார். இது இடது ஓரத்துத் துண்டு, விளிம்பில் எட்டு என்று எண் இருந்தது. ஆக, ஒவ்வொரு வரியிலும் முதல் சில சொற்கள் மட்டும் மிஞ்சியிருந்தன. படிக்கப் படிக்க எனக்கு அந்தப் புலவர் மேல் கோபம் வந்தது. காப்பியப் புலவர்களை உங்களுக்குத் தெரியும். ஒருத்தி வாய் திறக்கப் போகிறாள் என்றால் உடனே பேச விடமாட்டார்கள். முதல் பக்கம் முழுக்கச் சபையின் தூண்கள், குடை, சாமரம், அமைச்சர்கள். மறுபக்கத்தில் அவள் கை கூப்புகிறாள், அரசனை நிமிர்ந்து பார்க்கிறாள். கடைசி வரியில் 'சொல்வாள்' என்று இருக்கிறது. அதற்கு அடுத்துக் கத்தரிக்கோல்.

மற்ற இரண்டு துண்டுகளையும், மற்ற மூன்று ஏடுகளையும் நாங்கள் தேடாத தொழுவம் இல்லை. கிடைக்கவில்லை.

பதிப்பு வேலை முடிந்து மெய்ப்பு வந்தபோது, அந்த இடத்தில் பதிப்பாசிரியர் 'இங்கு ஏடுகள் செல்லரித்துப் போயின' என்று அடிக்குறிப்பு போட்டிருந்தார். நம் தொழிலில் எந்தப் பழியையும் கரையான் மேல் போட்டுவிடலாம், அது மறுத்து அறிக்கை விடாது. நான் அதை அடித்துவிட்டு என் பெயரைப் போட்டே எழுதினேன்: 'இங்கு நான்கு ஏடுகள் இல்லை. அவற்றில் எழுத்து இல்லை என்று பட்டியல் எடுத்த கோமதி தவறாகச் சொன்னதால் அவை வெட்டப்பட்டன.' பதிப்பாசிரியர் போன் பண்ணி, "ரிட்டயர் ஆகிற நேரத்தில் இதெல்லாம் எதுக்கும்மா?" என்று வருத்தப்பட்டார். பாவம், நல்ல மனிதர்.

அச்சுக்குப் போகும் முன் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு சாணார்பட்டிப் பக்கம் போனேன். சவரிமுத்து வீட்டுச் சுவடி, அவருக்குத் தெரியாமல் எதுவும் அச்சாகக் கூடாது. கதையைச் சொன்னேன். யானைக் காட்டுக்காக ஊரைக் காலி செய்யச் சொன்ன இடம் வந்ததும் சவரிமுத்து நிமிர்ந்து உட்கார்ந்தார். அரசன் 'சொல்' என்றதும் நிறுத்தினேன்.

"அந்தப் புள்ள என்ன சொல்லுச்சு?"

"தெரியலைங்க. அது அடுத்த ஏட்டுல இருந்துச்சு."

"ஊரு தப்பிச்சுச்சா?"

"அதுவும் தெரியலைங்க."

அவர் திரும்பித் தன் நிலத்தைப் பார்த்தார். பிறகு அடிக்குறிப்பைப் படிக்கச் சொன்னார். படித்தேன். "எம் பேரையும் சேத்துப் போடுங்க. வெட்டுன கை என்னோடது" என்றார்.

"நீங்க என்கிட்டக் கேட்டுட்டுத்தான வெட்டுனீங்க?"

"கேட்டேன். இன்னொருக்கா கேட்டிருக்கலாம்ல. நீங்க பசியில இருந்தது எனக்குத் தெரியுந்தான?"

முப்பது வருட வேலையில் யார் வீட்டிலும் நான் அழுததில்லை. அன்று அழுதேன், மரியம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

புத்தகம் வெளிவந்துவிட்டது. அடிக்குறிப்பில் எங்கள் இரண்டு பேர் பெயரும் இருக்கிறது. அந்தப் பெண் என்ன சொன்னாள் என்பதுதான் எங்கேயும் இல்லை.